கரன்ட்டை எங்கே சேர்த்து வைப்பது?

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கோவை, திருப்பூர் வட்டாரத்து மில் அலுவலகங்களில் வழக்கமான வரவு செலவோடு இன்னொரு கணக்கும் ஓடும். ஆடிக் காற்றில் கேத்தனூரிலோ பூளவாடியிலோ சுற்றிய சொந்தக் காற்றாலை கொடுத்த யூனிட்டில் எவ்வளவு இன்னும் மின்வாரியத்தின் ஏட்டில் மிச்சம் கிடக்கிறது என்ற கணக்கு அது. மில்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பேங்கிங்’. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை காற்று கொட்டும். அப்போது உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, காற்றில்லாத தை, மாசியில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிவதற்குள் எடுக்காமல் விட்டதை வாரியமே எடுத்துக்கொண்டு, கொள்முதல் விலையில் 75 விழுக்காட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். இந்த வசதிக்காக வாரியம் நெடுங்காலம் பிடித்துக்கொண்டது யூனிட்டில் 5 விழுக்காடு.

ஆறு மாதம், ஏழு மாதம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பேட்டரி உலகில் எந்தக் கடையிலும் கிடைக்காது. மில்காரர்கள் அதை ஒரு பேரேட்டில் சாதித்தார்கள்.

சூரிய ஒளியில் ஓடும் சிறு மின்வலையம் ஒன்றை, இப்போது மைக்ரோகிரிட் என்கிறார்கள், அமைக்க வருகிற பொறியாளரை முதலில் தடுத்து நிறுத்தும் கேள்வி பேனல் எத்தனை என்பதில்லை. வெயில் இல்லாத நேரத்துக்கு எவ்வளவு சேர்த்து வைப்பது? குறைத்து வைத்தால் ராத்திரி இருட்டு. கூட்டி வைத்தால் முதலீடு முழுகும். இந்தக் கேள்வியைக் கொங்கு நாடு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மழை குறைந்த நாடு இது. மேற்கு மலையில் பெய்கிற மழையை நொய்யலில் அணை கட்டித் திருப்பி, குளத்துக்குக் குளம் வாய்க்கால் வெட்டி நிறுத்தி வைத்த ஊர்க்காரர்களுக்கு, வரும்போது பிடித்து வேண்டும்போது விடுகிற வேலை புதிதல்ல.

மின்சாரம் வந்தது நீலகிரியிலிருந்து. சர் சி.பி. ராமசாமி ஐயர் சென்னை மாகாண அரசில் இருந்தபோது முன்னின்று தள்ளிய பைக்காரா திட்டத்தின் வேலை 1929-இல் தொடங்கி, 1932-இல் மின்சாரம் பாய்ந்தது. கிளென்மார்கனிலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் கீழே, மசினகுடிப் பக்கம் சிங்காராவில் இருந்த மின்நிலையத்துக்குக் குழாயில் தண்ணீர் இறங்கியது. அத்தனை உயரத்திலிருந்து நீரை இறக்கி மின்சாரம் எடுத்த நிலையங்கள் அன்றைய உலகத்திலேயே சிலதான். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நீராவியில் தொடங்கி வைத்த கோவையின் நூல் மில் தொழில், பைக்காரா கம்பி வந்த பிறகுதான் ஓட்டம் பிடித்தது. கொதிகலனும் நிலக்கரி வேகனும் இல்லாமல் மில் கட்டலாம் என்றானதும், பஞ்சு வியாபாரமும் பண்ணயமும் செய்துவந்த குடும்பங்கள் கதிர் வாங்கிப் போட ஆரம்பித்தன.

பைக்காராவின் முதல் கட்டத்தில் பெரிய தேக்கம் கிடையாது. ஆற்றில் வருவதை அப்படியே பிடித்து இறக்குகிற ஏற்பாடு. மில்கள் பெருகி மூன்று ஷிப்டும் மின்சாரம் கேட்க, கோடையில் ஆறு இளைக்க, மேலே முக்குருத்தியில் அணை எழும்பியது, அது 1938. முதலில் உற்பத்தி, பிறகு பற்றாக்குறை, அதன் பிறகு சேமிப்பு. இந்த வரிசை அதற்குப் பிறகும் கொங்கு நாட்டில் மாறியதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

மேட்டூரின் சிக்கல் வேறு. 1934-இல் முடிந்த அந்த அணையில் தேக்கத்துக்குப் பஞ்சமில்லை. 1937-இல் அங்கே மின்நிலையமும் ஓடத் தொடங்கியது. ஆனால் அணை தஞ்சாவூருக்குச் சொந்தம். ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது பாசன முறை. மதகு மூடினால் டர்பைனும் நிற்கும். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டாத நாலரை மாதத்திலும் கோவை மில்லுக்குக் கரன்ட் வேண்டும். எனவே பைக்காராவையும் மேட்டூரையும் கம்பியால் கோத்தார்கள். மேட்டூர் ஓடும் மாதங்களில் பைக்காரா தன் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். மேட்டூர் மூடிய பிறகு அதை இறக்கும். கொள்ளளவைக் கூட்டாமலே சேமிப்பைக் கூட்டுகிற வித்தை இது. இரண்டு ஊற்றுகள் வெவ்வேறு காலத்தில் சுரந்தால் நடுவே வைக்கிற தொட்டி சிறிதாக இருந்தால் போதும். சூரியனோடு காற்றாலையையும் சேர்த்துப் போடுகிற இன்றைய மைக்ரோகிரிட்டின் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான்.

கம்பி கிராமத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேடிப் போனது கிணற்றை. கொங்குக் கிணறு ஆழமானது. காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின்மோட்டார் செய்து காட்ட, மோட்டாரும் பம்பும் அந்த ஊரின் குடிசைத் தொழில் என்று சொல்லுமளவுக்குப் பெருகின. கவலை ஓட்டிய காளைகள் வண்டிக்குப் போயின. அந்த வண்டிகளே பிறகு மின்கட்டணத்தை எதிர்த்துச் சாலையை மறித்தன. 1970-இல் விவசாய மின்சாரத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியபோது, வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்டமே கிளம்பியது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் மாட்டு வண்டிகள் கோவை நகரத் தெருக்களை அடைத்து நின்றன. 1990 வாக்கில் விவசாயத்துக்குக் கட்டணமே இல்லை என்றானது.

இலவசம் என்றதும் பங்கீடு வந்தது. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, ராத்திரியில் சில மணி. தோட்டத்துக்காரர் அதற்குக் கண்டுபிடித்த மாற்று எந்தப் பொறியியல் பாடப் புத்தகத்திலும் ‘ஆற்றல் சேமிப்பு’ என்ற தலைப்பின் கீழ் வருவதில்லை. போர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிடுவார். நடுச்சாமத்தில் மூணு பேஸ் வந்ததும் அது தானே எடுத்து, எழுநூறு எண்ணூறு அடி ஆழத்துத் தண்ணீரைப் பக்கத்தில் வற்றிக் கிடக்கும் பழைய கிணற்றில் கொட்டும். விடிந்ததும் கிணற்று மோட்டாரைப் போட்டுத் தென்னைக்கோ மஞ்சளுக்கோ பாய்ச்சுவார். ஊற்று வற்றிய கிணறு சேமிப்புக் கிடங்காகிவிட்டது. போர் தண்ணீர் நூலாக வந்தாலும் பரவாயில்லை; ராத்திரி முழுக்கச் சேர்ந்தால் காலையில் ஒரு மணி நேரம் மடை நிறையப் போகும்.

அதே கணக்கை மலையளவுக்குப் பெரிதாக்கினால் காடம்பாறை.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுகிற ஆனைமலைச் சரிவில், பாறைக்குள் குடைந்த குகையில் இருக்கிறது அந்த மின்நிலையம். தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். 1987 முதல் 1989 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மேலே காடம்பாறை நீர்த்தேக்கம், கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம், இடையில் முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம். மாலையில் ஊர் முழுக்க விளக்கு எரியும்போது மேலிருந்து நீர் இறங்கி மின்சாரம் தரும். ஊர் தூங்கியதும் இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று, அதே தண்ணீரை மேலே தள்ளும். தமிழ்நாட்டில் இந்த வகையில் இதுதான் முதல் நிலையம். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரமும் அதே 1987-இல்தான் ஓடத் தொடங்கியது. அனல் நிலையத்தைப் பத்து மணிக்கு அணைத்து ஆறு மணிக்குப் பற்றவைக்க முடியாது. கொதிகலன் ராத்திரியும் எரிந்தாக வேண்டும். யாருக்கும் வேண்டாத அந்தப் பின்னிரவு மின்சாரத்தைப் போட்டு வைக்கக் கட்டிய இடம்தான் காடம்பாறை.

இதில் நட்டம் உண்டு. நூறு யூனிட் செலவழித்து மேலே ஏற்றினால் எழுபது, எழுபத்தைந்து யூனிட் அளவில்தான் திரும்பும். தண்ணீர் அதே தண்ணீர். வேலைதான் கூலி கேட்கிறது. ஆனாலும் மலை ஏன் லாபம் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றலை ஊர் மேல்நிலைத் தொட்டியில், பத்து மீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 36,700 லிட்டர் தண்ணீரை ஏற்ற வேண்டும். 367 மீட்டர் உயர மலை கிடைத்தால் அதே யூனிட்டுக்கு 1,000 லிட்டர் போதும். வீட்டு மாடித் தொட்டியில் மின்சாரத்தைச் சேமிக்கலாமே என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற யோசனைக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

காடம்பாறை ஓடத் தொடங்கிய அதே காலத்தையொட்டித்தான் காற்றாலைகளும் வந்தன. முதலில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம். பிறகு பல்லடம், உடுமலை, குடிமங்கலம் காடுகளில். காட்டுக்காரருக்குச் சோளம் கொடுக்காத நிலம் காற்றாலை வந்ததும் நல்ல விலை கொடுத்தது. வாங்கிப் போட்டவர்களில் பெரும்பாலோர் மில்காரர்கள். முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் எழுதிக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது ஒரு காரணம், பேங்கிங் இன்னொன்று. மில் எந்நேரமும் ஒரே சீராக மின்சாரம் தின்னும். காற்றோ ஐந்து மாதத்தில் ஆண்டுக் கோட்டாவைக் கொட்டிவிட்டுப் போய்விடும். இடைப்பட்ட ஏழு மாதத்தை வாரியம் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. மில்காரருக்கு இது மலிவான பேட்டரி. அந்த பேட்டரிக்கு உண்மையில் யார் பணம் கட்டினார்கள் என்பது நெடுநாள் வழக்கு. காற்றுக் காலத்தில் தனக்கு வேண்டாத மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கோடைத் தட்டுப்பாட்டில் திருப்பித் தர வேண்டியிருந்த வாரியத்தின் புலம்பலிலும் நியாயம் இருந்தது. காற்றாலை முதலாளிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

2008-இல் அந்தப் பேரேடு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மின்வெட்டு, தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு என்று அமலாகி, 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரன்ட் இல்லை என்ற நிலைக்குப் போனது. பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் பட்டறைக்காரர்கள் டீசல் ஜெனரேட்டருக்குக் கொடுத்த காசில் லாபம் கரைந்தது. வீடுகளில் யூபிஎஸ் வந்தது. கல்யாணச் சீரில் யூபிஎஸ் வைத்த காலம் அது.

வீட்டு மாடிப்படிக்குக் கீழே டிஸ்டில்டு வாட்டர் கேனோடு உட்கார்ந்திருந்த அந்த 150 ஏஹெச் பேட்டரிதான் சேமிப்பின் அளவு என்றால் என்ன என்று கொங்கு நாட்டின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாடம் எடுத்தது. 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 900. இரண்டு மின்விசிறி, மூன்று நான்கு விளக்கு என்று 300 வாட் ஓட்டினால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து மணிக்கு 375 போகும். அப்படியானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். கடைக்காரரும் அதைத்தான் சொல்லி விற்றார். ஆனால் அன்றைய வெட்டு ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது என்று மாறி மாறி வந்தது. கரன்ட் வந்த ஒரு மணி நேரத்தில் 15 ஆம்பியர் சார்ஜர் திருப்பிப் போட்டது சுமார் 200. ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் 175 குறைந்துகொண்டே வரும். மாலை ஆறு மணிக்கு நிறைந்திருந்த பேட்டரி எட்டு, பத்து, பன்னிரண்டு மணி வெட்டுகளைத் தாண்டும். ராத்திரி இரண்டு மணி வெட்டில் பாதியிலேயே எல்லையைத் தொட்டுவிடும். இரண்டாவது பேட்டரி வாங்கியவர்களுக்கும் சில நாளில் அதே கதைதான் நடந்தது, சார்ஜர் பழையதே என்பதால். பாத்திரத்தின் அளவு பாதிக் கணக்கு. அதைத் திரும்ப நிரப்ப எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பது மீதி.

சூரிய மைக்ரோகிரிட் பலவும் தடுக்கி விழுவது இந்த மீதிப் பாதியில்தான். ஆனைமலையிலோ பர்கூர் மலையிலோ கம்பி எட்டாத ஒரு பதியில் நாற்பது வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மூன்று எல்இடி விளக்கு, ஒரு மின்விசிறி, போன் சார்ஜ், கொஞ்ச நேரம் டிவி. ராத்திரிக்கு 0.6 யூனிட் என்றால் ஊருக்கு 24. தென்மேற்குப் பருவத்தில் அந்த மலைகளில் மூன்று நாள் தொடர்ந்து வெயிலே தெரியாமல் போகும். அதைத் தாண்ட 72 யூனிட் கையில் வேண்டும். ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 144 யூனிட் அளவுக்கு வாங்க வேண்டும். லித்தியம் என்றால் 90-ஐ ஒட்டிப் போதும். நான்காம் நாள் வெயில் திரும்பியதும் பேனல்கள் அன்றன்றைய 24-ஐயும் கொடுத்து, காலியான 72-ஐயும் சில நாளில் நிரப்ப வேண்டும். கிலோவாட்டுக்கு நாளைக்கு நான்கு யூனிட் என்ற கணக்கில், 24 யூனிட்டுக்கு மட்டும் 6 கிலோவாட் போட்டு நிறுத்தினால் பேட்டரி அந்தப் பருவம் முழுக்க அரைவயிற்றோடு கிடந்து, ஈயத்தட்டில் உப்புப் படிந்து, சீக்கிரமே செத்துப்போகும். பத்துப் பன்னிரண்டு கிலோவாட் போட்டால் கோடையில் பாதி வீணாகும். எதை ஏற்பது என்று ஊர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் டெண்டர் சொல்லிவிடுகிறது.

2014-இல் பீகாரின் தர்நாய் கிராமத்தில் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட்டில் ஒரு சூரிய மைக்ரோகிரிட் அமைத்து உலகச் செய்தியாக்கியது. விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட கணக்கு அது. மக்கள் பிரிட்ஜும் டிவியும் வைக்க ஆசைப்பட்டார்கள். கம்பி மின்சாரமும் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்துபோயின.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி வேறு வழியில் போனது. 2003-இல் 9 கிலோவாட் உயிரிக்கழிவு எரிவாயு இயந்திரம் வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டிய அந்த ஊராட்சி, 2006-இல் தலைவர் ஆர். சண்முகத்தின் முயற்சியில் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. காற்றாலை ஓடந்துறையில் இல்லை. அன்றைய கோவை மாவட்டத்தின் மறு கோடியில், உடுமலை அருகே மைவாடியில் நிற்கிறது. அங்கே ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட யூனிட் உற்பத்தியானது. ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கழித்தது போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள். தன்னிறைவுக் கிராமம் என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கவனிக்காத ஒன்று, அந்தக் காற்றாலைக்கு ஒரு பேட்டரிகூட இல்லை என்பது. மில்காரர்கள் பயன்படுத்திய அதே வாரியக் கம்பியை ஊராட்சியும் பயன்படுத்திக்கொண்டது. இந்த எழுத்தாளரின் கணிப்பில் ஓடந்துறையின் புத்திசாலித்தனமே அதில்தான் இருக்கிறது.

தோட்டங்களிலும் இப்போது சூரிய பம்புகள் மானியத்தில் வந்துவிட்டன. 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்திலும் வருகின்றன. அவற்றுக்கும் பேட்டரி கிடையாது. வெயில் ஏறினால் தண்ணீர் ஏறும், இறங்கினால் இறங்கும். மேகம் மூடினால் குழாயில் நூலாகும். விவசாயி அதைச் சொட்டுநீர்க் குழாய்க்கு நேராகக் கொடுப்பதில்லை, அழுத்தம் நிற்காது. கிணற்றிலோ, பிளாஸ்டிக் தாள் விரித்த தொட்டியிலோ விட்டு, அங்கிருந்து எடுக்கிறார். ஐந்து ஹெச்பி பம்புக்கு லித்தியம் பேட்டரி வைக்கிற செலவில் எத்தனை தொட்டி வெட்டலாம் என்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மில்லின் கணக்கு இன்னும் வேடிக்கை. இரவு பகல் 1,000 கிலோவாட் இழுக்கும் நூல் மில்லுக்கு நாளைக்கு 24,000 யூனிட் வேண்டும். கூரை முழுக்க 1,000 கிலோவாட் பேனல் போட்டாலும் 4,000 சொச்சம்தான் வரும். வருகிற நிமிடமே கதிர்கள் அதைத் தின்றுவிடும். சேர்த்து வைக்க மிச்சமே இல்லாதவருக்கு பேட்டரி எதற்கு? காலை, மாலை உச்ச நேரங்களில் வாரியம் 25 விழுக்காடு கூடுதலாக வாங்குவதும், இரவு பத்து மணிக்கு மேல் 5 விழுக்காடு தள்ளிக் கொடுப்பதும்தான் மில்காரரை பேட்டரி விலைப்பட்டியல் பக்கம் திருப்பியிருக்கின்றன. இரவில் நிரப்பி மாலையில் இறக்கினால் வட்டி கட்டுமா என்று கணக்குப்பிள்ளைகள் பார்க்கிறார்கள். பேங்கிங் கட்டணம் 5 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக ஏறிவிட்டதும், புதிய காற்றாலைகளுக்குப் பழைய ஆண்டுக் கணக்குச் சலுகை சுருங்கிவிட்டதும் அந்தக் கணக்கில் சேர்கின்றன.

வாரியம் மறுபடி மலையைப் பார்க்கிறது. நீலகிரியில், 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா திட்டத்தின் பழைய அணைகளையே மேல்தொட்டி, கீழ்த்தொட்டியாக வைத்துப் புதிய நீரேற்று நிலையம் ஒன்றைக் கட்டி வருகிறார்கள். போர்த்திமந்து மேலே, அவலாஞ்சி–எமரால்டு கீழே, தலா 125 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். காடம்பாறைக்கு அனல் நிலையத்தின் பின்னிரவு மிச்சம் தீனியாக இருந்தது. குந்தாவுக்கு நண்பகல் வெயிலில் பேனல்கள் கொட்டுகிற மிச்சம் தீனியாகும். ஏற்றுகிற நேரம் நடுச்சாமத்திலிருந்து நடுப்பகலுக்கு மாறும்.